கத்தும் டிஸ்க் பிரேக்: கேள்வி பதில்

கேள்வி அனுப்புவதற்கு முன் ஒரு வேண்டுகோள். "சைக்கிள் பிரேக்கில் சத்தம் வருகிறது" என்று மட்டும் எழுதினால் என்னால் ஜோசியம்தான் சொல்ல முடியும். பிரேக் பிடிக்கும்போது வருகிறதா, பிடிக்காமலே வருகிறதா? முன்சக்கரமா, பின்சக்கரமா? கம்பி இழுக்கும் கேபிளா, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்கா? இந்த மூன்றையும் எழுதுங்கள்.

கேள்வி (தாம்பரம்): ஹைட்ராலிக் டிஸ்க். வாங்கியபோது சத்தமே இல்லை. போன வாரம் வீட்டிலேயே சைக்கிளைக் கழுவி, செயினுக்கு ஸ்ப்ரே அடித்தேன். இப்போது பின்பிரேக்கைத் தொட்டாலே தெருவே திரும்பிப் பார்க்கிறது. பிடிமானமும் குறைந்ததுபோல் தெரிகிறது.

பதில்: ஸ்ப்ரேதான் காரணம். பின்சக்கரத்தில் ஒரு பக்கம் செயின், மறுபக்கம் ரோட்டர், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தகடு. இரண்டுக்கும் நடுவே ஒரு ஜாண்கூட இல்லை. நீங்கள் செயினைக் குறிவைத்து அடித்திருப்பீர்கள். தூவல் ஸ்போக்ஸ் கம்பிகளுக்கு இடையே புகுந்து ரோட்டரில் படிந்திருக்கும். அந்தத் தகட்டை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டைதான் பேட். எண்ணெய் பட்ட பேட் ரோட்டரைச் சீராகப் பிடிக்காது. ஒரு கணம் ஒட்டும், மறுகணம் வழுக்கும். ஒரு நொடிக்குள் பல நூறு முறை இப்படி நடக்கும்போது அந்த மெல்லிய தகடு அதிர்ந்து கத்துகிறது. வயலின் தந்தியில் வில் எழுப்புவதும் இதே ஒட்டி வழுக்கும் ஒலிதான். இங்கே கேட்பவர்கள்தான் பாவம்.

சக்கரத்தைக் கழற்றி, பேட்களை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல பேடின் முகம் மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். எண்ணெய் குடித்தது கறுத்து மினுமினுக்கும். ரோட்டரை 90 சதவீதத்துக்குக் குறையாத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பழைய பனியன் துணி போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் துணியின் புதுப் பக்கத்தால் துடைக்க வேண்டும், கறுப்பு வருவது நிற்கும்வரை. துடைத்தபின் ரோட்டரை விரலால் தொடாதீர்கள். விரலிலும் எண்ணெய் இருக்கிறது.

பேடுக்கு உப்புத்தாள். ஒரு டைல்ஸ் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்து, கொஞ்சம் நனைத்து, பேடைத் தட்டையாக வைத்து மெல்லத் தேயுங்கள். நனைப்பது எதற்கென்றால், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. மினுமினுப்பு போனதும் நிறுத்திவிடுங்கள். பேடையும் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு மாட்டுங்கள்.

பாதிப் பேர் இத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இனிமேல்தான் பேடைப் பழக்க வேண்டும். ஆளில்லாத சாலையில் மணிக்கு 20 கி.மீ. வேகம் எடுத்து, பின்பிரேக்கை மட்டும் ஒரே சீராக அழுத்தி நடைவேகத்துக்கு வாருங்கள். முழுதாக நிற்காமல் மீண்டும் வேகம் எடுங்கள். இருபது முறையாவது செய்யுங்கள். பேடின் பொருள் மெல்லிய படலமாக ரோட்டரில் ஏற வேண்டும். அது ஏறினால்தான் பிடிமானமும் வரும், அமைதியும் வரும். நடுவில் அழுத்தி நிறுத்திவிட்டால் படலம் ஒரே இடத்தில் திட்டாகப் படிந்து, சத்தம் வேறு ராகத்தில் திரும்பி வரும்.

எண்ணெய் ஆழமாக ஊறியிருந்தால் இவ்வளவும் செய்தும் சில நாளில் மறுபடி கத்தும். அப்போது புதுப் பேட்தான். செயினுக்கு இனி ஸ்ப்ரே வேண்டாம். சொட்டு விடும் புட்டி வாங்கி, கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள்.

கேள்வி (ஈரோடு): பிரேக் பிடிக்காமலே 'சிங்... சிங்...' என்று உரசுகிறது. முன்சக்கரம், ஹைட்ராலிக். பஞ்சர் ஒட்டியதிலிருந்து இப்படி.

பதில்: மூன்று விவரமும் எழுதியதற்கு நன்றி. பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியபோது அது இடத்தில் சரியாக உட்காரவில்லை. சைக்கிளைத் தரையில் நிற்கவைத்து, சக்கர அச்சை இறுக்கும் குவிக் ரிலீஸ் லீவரைத் தளர்த்தி, ஹேண்டில்பாரை மேலிருந்து அழுத்தியபடி மறுபடி இறுக்குங்கள். பாதி நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

ஆகாவிட்டால் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கேளுங்கள். உரசல் விடாமல் வந்தால், பேட்களைத் தாங்கும் காலிப்பர் நடுவில் இல்லை. அதைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்களையும் 5 மி.மீ. ஆலன் கீயால் காலிப்பர் ஆடும் அளவுக்குத் தளர்த்துங்கள். பிரேக் லீவரை அழுத்திப் பிடித்தால் காலிப்பர் தானே நடுவுக்கு வரும். பிடித்த பிடியை விடாமல் போல்ட்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை ஒரேயடியாக இறுக்கினால் காலிப்பர் திரும்பிக்கொள்ளும். முறுக்குவிசை 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். காலிப்பருக்குப் பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்துப் பார்த்தால் ரோட்டரின் இரு பக்கமும் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிய வேண்டும்.

சுற்றுக்கு ஒருமுறை மட்டும் உரசினால் ரோட்டர் வளைந்திருக்கிறது. உரசும் இடத்தில் அடையாளம் வைத்து, சுத்தமான ஸ்பேனர் வாயால் கவ்வி மிக மிக மெல்ல எதிர்ப்பக்கம் வளையுங்கள். பலத்தைக் காட்டும் வேலை இல்லை இது.

இன்னொன்று: சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லீவரைத் தொடாதீர்கள். பேட்களைத் தள்ளும் பிஸ்டன்கள் வெளியே தள்ளிவந்து, ரோட்டர் நுழைய இடமிருக்காது.

கேள்வி (நாகர்கோவில்): மழையில் மட்டும் ஊளையிடுகிறது. காய்ந்ததும் நின்றுவிடுகிறது.

பதில்: அப்படித்தான் இருக்கும். விட்டுவிடுங்கள்.

கேள்வி (வேலூர்): ஆல்கஹாலுக்குப் பதில் வீட்டிலிருக்கும் சானிடைசர் பயன்படுத்தலாமா? மண்ணெண்ணெய்?

பதில்: சானிடைசரில் கை வறளாமல் இருக்கக் கிளிசரின் சேர்க்கிறார்கள். அது ரோட்டரில் தங்கும். மண்ணெண்ணெய் என்ற பெயரிலேயே எண்ணெய் இருக்கிறது. இரண்டும் வேண்டாம்.

கேள்வி (திருநெல்வேலி): அண்ணா, கல்லூரிக்கு ஓட்டுகிற சைக்கிள். கேபிள் டிஸ்க். லீவரை இறுக்கினால் ரோட்டர் ஒரு பக்கமாக வளைவது கண்ணுக்கே தெரிகிறது, 'கர்ர்' என்று சத்தமும் வருகிறது. உடைந்துவிடுமா?

பதில்: உடையாது, தம்பி. பெரும்பாலான கேபிள் டிஸ்க்குகளில் வெளிப்பக்கப் பேட் மட்டுமே நகரும். அது ரோட்டரைத் தள்ளி, அசையாமல் நிற்கும் உள்பக்கப் பேடில் சாய்க்கிறது. நீங்கள் பார்ப்பது அதைத்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளைந்தால் உள்பேட் தூரத்தில் இருக்கிறது. ஸ்போக்ஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் காலிப்பரில் ஆலன் கீ நுழையும் குழி ஒன்றிருக்கும். அதைத் திருப்பி, உரசியும் உரசாத நிலைக்கு உள்பேடை அருகே கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகு கேபிளைச் சரிசெய்யுங்கள். எல்லோரும் கேபிளை மட்டும் இழுத்து இழுத்துக் கட்டுகிறார்கள்; காலிப்பரின் கை பாதி வழியில் நின்றுவிட்டு, அவசரத்துக்கு அழுத்தும்போது மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

கேள்வி (தஞ்சாவூர்): சத்தம் தாங்காமல் பேடில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டேன். சத்தம் அடியோடு நின்றுவிட்டது. இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

பதில்: சத்தத்தோடு பிரேக்கும் நின்றுவிட்டது என்பதால்தான் சொல்வதில்லை. சைக்கிளை இன்று வெளியே எடுக்காதீர்கள். புதுப் பேட், ரோட்டரை ஆல்கஹாலில் துடைப்பது, பிறகு பழக்குவது. தாம்பரத்துக்குச் சொன்ன அதே வரிசை.

கேள்வி (நாமக்கல்): கொல்லிமலையிலிருந்து இறங்கினேன். பாதி வழியில் தீய்ந்த வாடை. கீழே வந்ததும் இரண்டு பிரேக்கும் கத்துகின்றன. எண்ணெய் எதுவும் படவில்லை.

பதில்: 70 கொண்டை ஊசி வளைவுகளையும் லீவரை விடாமல் தேய்த்தபடியே இறங்கியிருப்பீர்கள். பேடின் மேல்முகம் சூட்டில் கண்ணாடிபோல் இறுகிவிட்டது. உப்புத்தாளால் அந்த முகத்தை எடுத்து மறுபடி பழக்கினால் பெரும்பாலும் சரியாகும். ரோட்டர் தடிமனையும் அளந்துவிடுங்கள். புதிதில் பொதுவாக 1.8 மி.மீ.; பலவற்றுக்கு 1.5 கடைசி எல்லை, ரோட்டரிலேயே பொறித்திருப்பார்கள். அடுத்த முறை வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, நேர்ப்பாதையில் முழுதாக விட்டுவிடுங்கள். காற்று பட்டால்தான் ரோட்டர் ஆறும். இறங்கியதும் தொட்டுப் பார்க்கும் ஆசை வரும். தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி (சேலம்): எண்ணெய் குடித்த பேடை கேஸ் அடுப்பில் சுட்டால் எண்ணெய் எரிந்துவிடும் என்றார்கள். இரண்டு முறை சுட்டேன். ஒரு வாரம் நன்றாக இருக்கிறது, பிறகு மறுபடி கத்துகிறது. எவ்வளவு நேரம் சுட வேண்டும்?

பதில்: சுடவே கூடாது. ரெசின் பேட் என்பது பிசினால் இறுக்கிய பொருள். தணலில் பிசின் கருகும். பேடைத் தகட்டோடு பிடித்திருக்கும் பசையும் போகும். ஓடும்போது பேட் தகட்டைவிட்டுக் கழன்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மதுரை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் உலோகப் பேடைச் சுட்டுத்தான் ஓட்டுகிறேன். ஒன்றும் ஆகவில்லை.

பதில்: உலோகத்தூளை உயர்ந்த சூட்டில் இறுக்கிச் செய்தது அது; அடுப்புச் சூட்டைத் தாங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தன் பேட் ரெசினா உலோகமா என்றே தெரியாது. அந்தப் புகையும் சமையலறைக்குரியது இல்லை.

திருச்சி: நேரடித் தணலில் வைக்காமல் தோசைக்கல்லில் வைத்தால்?

பதில்: வீட்டில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

மதுரை: புதுப் பேட் என்ன இனாமாகவா கிடைக்கிறது? மாதாமாதம் வாங்கச் சொல்கிறீர்களா?

பதில்: மாதாமாதம் பேட் கெட்டால் குற்றம் பேடில் இல்லை. சேலம்காரர் எழுதியதை மறுபடி படியுங்கள்: ஒரு வாரம் நன்றாக இருந்து மறுபடி கத்துகிறது. எண்ணெய் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது. சேலம், ஸ்ப்ரே அடிக்கிறீர்களா?

சேலம்: இல்லை. சொட்டுப் புட்டிதான். முன்பிரேக்கில்தான் பிரச்சினை, அங்கே செயினே இல்லையே.

பதில்: இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் வழியே ஹைட்ராலிக் எண்ணெய் கசிகிறது என்று சந்தேகிக்கிறேன். பேட்களைக் கழற்றி, காலிப்பரின் உள்பக்கத்தை ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்துக் காயவிடுங்கள். பேட்களை மாட்டி, சக்கரத்தையும் பூட்டி, லீவரை ரப்பர் பேண்டால் ஹேண்டில்பாரோடு இறுகக் கட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் பேட்களை எடுத்து, பிஸ்டனைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி (கும்பகோணம்): இவ்வளவு தொல்லைக்கு, சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்கே போதுமே? பந்தய வீரர்கள் அதில்தானே ஓட்டினார்கள்?

பதில்: ஓட்டினார்கள். சாலைப் பந்தயங்களில் டிஸ்க்கை, உலக சைக்கிள் பந்தய அமைப்பான யூசிஐ முழுமையாக அனுமதித்தது 2018 ஜூலையில்தான். இன்று அந்தச் சண்டைக்கு நேரமில்லை.

கேள்வி (ஓசூர்): பிரேக்கில் கிறீச் சத்தம். என்ன செய்வது?

பதில்: முன்னா, பின்னா? கேபிளா, ஹைட்ராலிக்கா? தாம்பரத்துக்கான பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (கரூர்): ஹைட்ராலிக்கில் எண்ணெய் குறைந்துவிட்டது. என் பைக்குக்கு வாங்கிய பிரேக் ஆயிலை ஊற்றலாமா?

பதில்: நில்லுங்கள். உங்கள் பைக்கில் இருப்பது டாட் (DOT) என்ற வகைப் பிரேக் திரவம். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா பிரேக்குகளுக்கு மினரல் ஆயில் என்ற வேறு எண்ணெய். மாற்றி ஊற்றினால் சீல்கள் உப்பி பிரேக்கே வீணாகும். லீவரின் மூடியிலேயே எது என்று எழுதியிருக்கும்.

கேள்வி (ஆவடி): ஸ்கூட்டர் டிஸ்க்கிலும் சத்தம்...

பதில்: சர்வீஸ் சென்டர்.

கேள்வி (காரைக்குடி): பின்பிரேக் கத்துகிறது. நேற்றுதான் செயினுக்கு ஸ்ப்ரே...

பதில்: தாம்பரம். தாம்பரம். தாம்பரம்.

கேள்வி (கோவை): அமைதியான பேட் எது? உலோகமா, ரெசினா?

பதில்: ரெசின். உலோகம் நீடித்து உழைக்கும், ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் கத்தும். வாங்குமுன் ரோட்டரைப் பாருங்கள். ரெசின் பேட் மட்டும் என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் உலோகப் பேட் அதைத் தின்றுவிடும். ரோட்டரைப் பார்க்கும்போதே, முன்சக்கரத்துக் குவிக் ரிலீஸ் எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். ரோட்டருக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். 2015-இல் ட்ரெக் நிறுவனம் லட்சக்கணக்கான சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான்: 180 பாகைக்கு மேல் திறக்கும் குவிக் ரிலீஸ் லீவர் முன் டிஸ்க்கில் சிக்கக்கூடும்.

சேலம் (மறுநாள் காலை): ஒரு பிஸ்டனைச் சுற்றி மட்டும் பிறைபோல ஈரம். தொட்டால் வழுவழுப்பு. மற்றது காய்ந்திருக்கிறது.

பதில்: கசிவு உறுதி. பல காலிப்பர்களுக்குச் சீல் தனியாகக் கிடைக்காது. காலிப்பரையே மாற்ற வேண்டியிருக்கும். வாரண்டி இருந்தால் பில்லோடு கடைக்குப் போங்கள். மாற்றும்வரை ஓட்டாதீர்கள். ரோட்டரைத் துடைத்தால் போதும், மாற்ற வேண்டாம். புதுக் காலிப்பரில் புதுப் பேட்தான். சுட்ட பேடை மதுரைக்கு அனுப்பிவிடுங்கள்.