கிராம்பு இலையில் எண்ணெய் கிடைக்கவில்லையே?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் மாறாமலைப் பக்கம் எங்களுக்குக் கிராம்பு மரங்கள் உண்டு. வாசனைத் திரவியக்காரர்கள் இலை எண்ணெய் வாங்குவார்கள் என்று கேள்விப்பட்டு, நண்பரின் எலுமிச்சைப்புல் வடிகலனில் 50 கிலோ சருகைப் போட்டு வடித்தோம். சொட்டு எண்ணெய்தான் மிஞ்சியது, அதுவும் கறுத்துவிட்டது. இலையில் சத்து இல்லையா?

பதில்: இலைமேல் குற்றமில்லை. 50 கிலோ நல்ல சருகுக்கு ஒரு கிலோவாவது தேறியிருக்க வேண்டும். அதை நீங்களே வாய்க்காலில் விட்டுவிட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

எலுமிச்சைப்புல் எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். அதனால் அந்தக் கலனின் சேகரிப்புப் பாத்திரத்தில் தண்ணீர் அடியிலிருந்து வெளியேறும்படி குழாய் வைத்திருப்பார்கள். கிராம்பு எண்ணெயில் முக்கால் பங்குக்கு மேல் யூஜினால் என்ற வேதிப்பொருள். அது தண்ணீரைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். குழாயைத் திறந்ததும் முதலில் ஓடியது எண்ணெய்தான்! அடுத்த முறை வடிந்த நீரை அப்படியே கண்ணாடி ஜாடியில் பிடித்து ஓர் இரவு வையுங்கள். பால்போலக் கலங்கியிருப்பது தெளிந்து, அடியில் மஞ்சள் எண்ணெய் திரண்டு நிற்கும். மேல் நீரைக் கொட்ட வேண்டாம், அடுத்த வடிப்புக்குக் கலனிலேயே ஊற்றுங்கள்.

கறுத்ததற்குக் காரணம் இரும்பு. கலன் இரும்பு டிரம்தானே? யூஜினால் இரும்போடு சேர்ந்தால் நிறம் கெடும், வாங்குபவர் முகம் சுளிப்பார். துருப்பிடிக்காத எஃகுக் கலன் வேண்டும். வடித்ததை அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக்கை இந்த எண்ணெய் அரித்துவிடும். வெறுங்கையில் படவும் விடாதீர்கள், எரியும்.

மொட்டு ஆய்ந்தபின் கொத்துக் காம்பைத் தூக்கி எறிகிறீர்களா? இலையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு எண்ணெய் என்றால், காய்ந்த காம்பில் ஐந்து ஆறு. முதலில் அதை வடியுங்கள். மொட்டை மட்டும் கலனில் போட்டுவிடாதீர்கள். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி கிராம்பு, மசாலாவாகவே நல்ல விலை போகும்.

ஆசைப்பட்டுப் பச்சை இலையை ஒடிக்கவும் வேண்டாம், அடுத்த பருவத்து மொட்டு குறையும். உதிர்ந்ததை மட்கும் முன் பொறுக்கினால் போதும். வடித்த சக்கையை ஆறவைத்து மரத்தடியிலேயே மூடாக்காகப் போட்டுவிடலாம்.