கோட்டில் உட்காராத ஐந்து புள்ளிகள்

அன்புள்ள ஐயா,

பெருந்துறைப் பக்கம், இயற்பியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். அப்பா தறி ஓட்டுகிறார். காமாக் கதிர் வெடிப்புகளை, அதாவது தொலைதூர விண்வெளியில் திடீரெனப் பளிச்சிடும் பெருவெடிப்புகளைக் கண்காணிக்கும் ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் பொதுத் தரவை இறக்கி, அப்படி ஒரு வெடிப்புக்குப் பின் மிஞ்சும் எக்ஸ்-கதிர் ஒளி (பின்னொளி) எப்படி மங்குகிறது என்று வரைந்தேன். ஐந்து புள்ளிகள் கோட்டில் உட்காரவில்லை. எடுத்துவிட்டேன், கோடு அழகாக வந்தது. இதில் மேலே படித்தால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள தம்பி,

தறிச் சத்தத்துக்கு நடுவே எங்கோ அணைகிற நெருப்பை வரைந்திருக்கிறீர்கள். மனசு நிறைந்துபோனது. வேலை பற்றி உங்கள் வாத்தியார்களைக் கேளுங்கள். அந்த ஐந்து புள்ளிகளை யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?

போன மாதம் தோட்டத்துச் சாளையைப் பிரித்தபோது அப்புச்சியின் கிணற்று நோட்டு கிடைத்தது. பள்ளிக்கூடம் போகும் முன், கல் கட்டிய கயிற்றை இறக்கி, நனையாத முடிச்சுகளை எண்ணி எழுதுவது என் வேலை. தினமும் தண்ணீர் கீழேதான் போகும். ஆடிக் கடைசியில் ஒருநாள் இரண்டு முடிச்சு ஏறியிருந்தது. பொட்டு மழையில்லை. தப்பாக எண்ணிவிட்டேன் என்று நேற்றைய கணக்கையே எழுதினேன். மறுநாள் அப்புச்சி தானே கயிறு விட்டுப் பார்த்தார். "பொய்யெழுதறக்கு நோட்டு எதுக்குடா?" என்றார். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். கசிவு எங்கள் கிணற்றுக்கு வந்துவிட்டது. என் எண்ணை அடித்து அவர் எழுதிய எண் அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

1997 மே 8-ல் தெரிந்த காமாக் கதிர் வெடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கண்ணுறு ஒளி மங்காமல் முதல் இரண்டு நாள் ஏறியது. ரேடியோ ஒளியோ சில வாரங்கள் தாறுமாறாக ஏறி இறங்கியது. ரேடியோ வானியலாளர் டேல் ஃபிரெய்லின் குழு அதைத் தேய்த்துச் சமன் செய்யவில்லை. நட்சத்திரம் மினுக்கும், கோள் மினுக்காது. புள்ளியாகத் தெரிவதுதான் மினுக்கும். நம் பால்வீதியின் வாயு அந்த ரேடியோ ஒளியை மினுக்கவைத்தது. நெருப்பு விரிய விரிய மினுக்கல் அடங்கியது. அது அடங்கிய காலத்தை வைத்தே, சில வாரங்களில் நெருப்பு ஏறத்தாழ லட்சம் கோடி கிலோமீட்டருக்கு விரிந்துவிட்டது, கிட்டத்தட்ட ஒளிவேகத்தில், என்று கணக்கிட்டார்கள். எந்தத் தொலைநோக்கியிலும் அந்த அளவு நேரடியாகத் தெரிந்திருக்காது. கோணலை அழித்திருந்தால் அதுவும் போயிருக்கும் தம்பி!

ஸ்விஃப்ட் 2004-ல் விண்ணுக்குப் போன பிறகுதான், மங்கிக்கொண்டிருக்கும் எக்ஸ்-கதிர் திடீரென எழும்புவது பல வெடிப்புகளில் உண்டென்று தெரிந்தது. உங்களுடையவை வெறும் பிழையாகவும் இருக்கலாம். அதைச் சோதித்துவிட்டுச் சொல்லுங்கள். கோடு அழகாக வருவதற்காக எடுக்காதீர்கள்.

ஐந்தும் வெடித்து எத்தனையாவது நொடியில் நின்றன? அடுத்தடுத்து வந்தனவா, சிதறியா? திரும்பப் போட்டு, பிழை அளவோடு வரைந்து அனுப்புங்கள். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.