ஆண்டிஸ் மலையில் கணவன் மனைவியாகக் குழுவோடு ட்ரெக்கிங் போகிறோம். உள்ளூர்ச் சாப்பாட்டை எப்போது, எப்படிச் சாப்பிடலாம்?

கேள்வியில் நீங்கள் தந்த விவரம் இது: ஜூலையில் பெரு, சல்காந்தாய் கணவாய் வழியாக மாச்சு பிச்சு என்ற பழைய இன்கா நகருக்கு 5 நாள் நடை, 12 பேர் குழு. நீங்கள் எல்லாம் சாப்பிடுவீர்கள். உங்கள் மனைவி சைவம், முட்டையும் பாலும் உண்டு. குஸ்கோவில் இறங்கிய மறுநாள் காலையே நடை தொடங்குகிறது. முதல் இரவே குஸ்கோவில் குய், அதாவது கினிப் பன்றி வறுவலும் சிச்சா என்ற சோள மதுவும் சாப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் இரவு விருந்தும் வேண்டாம், மறுநாள் நடையும் வேண்டாம். ஆண்டிஸில் எதைச் சாப்பிடுவது என்பதை அன்றைக்கு எந்த உயரத்தில் படுக்கப் போகிறீர்கள் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். குஸ்கோ 3,400 மீட்டர். நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். கடலோர லிமாவிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே இறங்கிவிடுவீர்கள். உடம்புக்கு அது தெரியவே அரை நாள் ஆகும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் முதல் இரவில்தான் ஆரம்பிக்கும். வயிறும் மந்தமாகிவிடும். அந்த நேரத்தில் கொழுப்பான கறியையும் மதுவையும் உள்ளே தள்ளினால், காலையில் வாந்தி வரும்போது அது உயர நோயா, சாப்பாட்டுக் கோளாறா என்று வழிகாட்டிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

பயணத்தை இப்படி மாற்றுங்கள். குஸ்கோ விமான நிலையத்திலிருந்து நேராக வண்டி பிடித்து ஒல்லாந்தாய்தாம்போ போய்விடுங்கள். சுமார் இரண்டு மணி நேரம். உயரம் 2,800 மீட்டர்தான். அங்கே இரண்டு இரவு, பிறகு குஸ்கோவில் இரண்டு இரவு, அதன் பிறகு நடை. 3,000 மீட்டருக்கு மேலே படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொது விதி. முதல் முகாமான சோராய்பம்பா 3,900 மீட்டர், ஆகவே இந்தக் கணக்கு சரியாக வரும். உயர நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை (125 மி.கி., காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து) பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அது சிறுநீரை அதிகமாக்கும், விரல் நுனிகள் மரத்துப் போகும், சோடா, பீர் எல்லாம் சப்பென்று இருக்கும். பயப்பட வேண்டாம்.

முதல் நான்கு நாள் சாப்பாடு எளிது. ஒல்லாந்தாய்தாம்போவிலும் குஸ்கோவிலும் மதியம் 'மெனு தெல் தியா' கேளுங்கள். ஒரு சூப், ஒரு சாப்பாடு, ஒரு பானம் என்று ஒரே விலையில் வரும், கூட்டம் இருக்கும் கடையில் சூப் கொதித்துக்கொண்டே இருக்கும். கினுவா என்ற ஆண்டிஸ் தானியத்தில் செய்த சூப், பூசணிக்காயைப் பாலும் சீஸும் சேர்த்து மசிக்கும் லோக்ரோ, அவித்த பெருமணிச் சோளத்தோடு ஒரு துண்டு சீஸ் (சோக்லோ கொன் கேசோ), இவை போதும். காலையில் தெருமுனைத் தள்ளுவண்டியில் ஆப்பிள் போட்டுக் காய்ச்சிய கினுவாக் கஞ்சி கிடைக்கும், சூடாக இருக்கும், வயிற்றில் லேசாக நிற்கும். இரவுச் சாப்பாட்டைப் பாதியாகக் குறையுங்கள். சாலட், ஐஸ், லிமாவில் பார்த்த செவிச்சே எனும் பச்சை மீன் எல்லாம் நடை முடிந்த பிறகு.

தம்பதிகளுக்கு மட்டும் ஒரு விதி: நடைக்கு முந்தின இரண்டு நாளில் இருவரும் ஒரே தட்டிலிருந்து சந்தேகமான எதையும் சாப்பிடாதீர்கள். இருவருக்கும் ஒரே இரவில் வயிற்றுப்போக்கு வந்தால் கூடாரத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இருக்காது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம், வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோப்பெரமைடு, மருத்துவர் எழுதித் தந்த ஆன்டிபயாடிக் மூன்றையும் இரண்டு பைகளிலும் பிரித்து வையுங்கள். பெரிய பை கோவேறு கழுதை மேல் முன்னால் போய்விடும். மருந்து உங்கள் முதுகில் இருக்க வேண்டும்.

உங்கள் மனைவியின் சைவம் பற்றி. 'சின் கார்னே' (கறி இல்லாமல்) என்று சொன்னால் மாட்டுக்கறியை மட்டும் எடுத்துவிட்டுக் கோழியைப் போட்டுத் தருவது சகஜம். அவர்கள் ஏமாற்றவில்லை, அங்கே 'கார்னே' என்றால் பெரும்பாலும் மாட்டுக்கறிதான். 'நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ' (கறி, கோழி, மீன் எதுவும் சாப்பிட மாட்டேன்) என்று மூன்றையும் சொல்ல வேண்டும். சூப்பில் கறி மிதக்காவிட்டாலும் அது எலும்புச் சாறாக இருக்கலாம், எனவே 'கால்தோ தெ வெர்தூராஸ்' (காய்கறிச் சாறு) தானா என்று தனியாகக் கேளுங்கள். நடை நிறுவனத்திடம் பணம் கட்டும்போது ஒருமுறையும், முந்தின மாலை நடக்கும் விளக்கக் கூட்டத்தில் சமையல்காரர் காதில் விழும்படி மறுமுறையும் சொல்லுங்கள். அவர் குஸ்கோவிலேயே எல்லாச் சாமான்களையும் வாங்கிக் கட்டிவிடுவார். ஏறத் தொடங்கிய பிறகு மாற்ற வழியில்லை. சொல்லாமல் விட்டால் ஐந்து நாளும் முட்டையும் பாஸ்தாவும்தான்.

மேலே போனதும் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். 4,000 மீட்டரில் சுமார் 87 டிகிரி. அதனால்தான் குக்கர் இல்லாமல் அரிசியும் பயறும் நடுவில் கல்லாகவே இருக்கும். விளக்கக் கூட்டத்தில் 'குக்கர் கொண்டுபோகிறீர்களா' என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. குடிநீரைக் குமிழ் விட்டு 3 நிமிடம் கொதிக்க விட வேண்டும், அல்லது குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர். இரவு சமையல் கூடாரத்தில் கொதித்த தண்ணீரை எஃகுப் பாட்டிலில் வாங்கி, காலுறைக்குள் நுழைத்துத் தூங்கும் பையின் அடியில் வையுங்கள். சோராய்பம்பாவில் ஜூலை இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். காலுக்குச் சூடும் ஆயிற்று, காலையில் குடிக்க உறையாத தண்ணீரும் ஆயிற்று. தூங்கும் பை மைனஸ் 10 டிகிரி தாங்குவதாக இருக்கட்டும்.

கூச்சமில்லாமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் அறுபது சதவீதம்தான். வயிற்றிலுள்ள வாயு ஒன்றரை மடங்குக்கு விரியும். முதல் இரண்டு இரவு அவரை, மொச்சை, முட்டைக்கோஸ் வகைகளைத் தள்ளி வையுங்கள். கூடாரம் இருவருக்கும் ஒன்றுதான்.

இரண்டாம் நாள்தான் கடினமான நாள். சோராய்பம்பாவிலிருந்து 4,630 மீட்டர் கணவாய் ஏறி, பிறகு 2,900 மீட்டர் சவுயாய் வரை இறங்க வேண்டும், இருபது கிலோமீட்டருக்கு மேல். பசியே இருக்காது. ஆனாலும் மணிக்கொரு முறை இரண்டு வாய் சாப்பிட வேண்டும்: வறுத்த சோளம் (காஞ்சா), உலர்ந்த பழம், வெல்லத் துண்டு. காலைச் சாப்பாட்டை நம்பி மதியம் வரை தாக்குப்பிடிக்கலாம் என்று கிளம்புபவர்தான் கணவாய்க்கு அரை மணி நேரம் முன்பு உட்கார்ந்துவிடுவார். கணவன் மனைவி ஒரே வேகத்தில் உயரத்துக்குப் பழக மாட்டார்கள். உடல் வலுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒருவரால் முடியாவிட்டால் மற்றவர் என்ன செய்வார் என்பதைக் குஸ்கோவிலேயே பேசி முடியுங்கள். குழு நிற்காது. கணவாய் வரை சவாரிக் குதிரை கிடைக்கும், முந்தின மாலையே வழிகாட்டியிடம் சொல்லிவிட வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், அல்லது குதிகாலோடு பெருவிரல் தொட நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினால், அது களைப்பு இல்லை. அந்த நிமிடமே கீழே இறங்க வேண்டும், இரவானாலும் சரி. பயணக் காப்பீட்டில் உயர வரம்பு எவ்வளவு என்று பார்த்து, 5,000 மீட்டர் வரை ஏற்பதாக எடுங்கள்.

கோக்கா இலை வழியெங்கும் கிடைக்கும். தேநீராகக் குடிக்கலாம், மென்றால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு போல 'யிப்தா' என்ற சாம்பல் கட்டியைச் சேர்த்துக் கன்னத்தில் ஒதுக்குவார்கள். சற்றுத் தெம்பு தரும். அதை நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். பெருவில் சட்டப்படி சரி, இந்தியாவில் குற்றம். ஒரு தேநீர்ப் பையைக்கூடப் பெட்டியில் போட்டு வராதீர்கள். ஊர் திரும்பியதும் வேலைக்கான போதைப்பொருள் பரிசோதனை இருந்தால் தேநீரும் வேண்டாம், சிறுநீரில் தெரியும். அதற்குப் பதில் முன்யா தேநீர் கேளுங்கள். புதினா வாசமுள்ள மலைச்செடி, சாப்பாட்டுக்குப் பின் வயிற்றுக்கு இதம்.

மூன்றாம் நாள் காப்பித் தோட்டங்களும் கிரானடியா பழமும் உள்ள பள்ளத்தாக்கு. உயரம் குறைந்துவிட்டதால் பசி திரும்பும், இங்கே தாராளமாகச் சாப்பிடலாம். லூக்மாபம்பாவில் சில வீடுகளில் காப்பிக் கொட்டையை உங்கள் கண் முன்னே வறுத்துத் தருவார்கள். மாச்சு பிச்சுவுக்குள் சாப்பாடு கொண்டுபோக அனுமதியில்லை, உள்ளே கழிப்பறையும் கிடையாது; அசல் பாஸ்போர்ட் கையில் வேண்டும், கைத்தடி முனையில் ரப்பர் வேண்டும்.

நீங்கள் ஆசைப்பட்ட விருந்துக்கு நடை முடிந்து குஸ்கோ திரும்பியபின் இரண்டு நாள் ஒதுக்குங்கள். குய் சாப்பிட நகரத்துச் சுற்றுலாக் கடைகளை விட, தென்கிழக்குச் சாலையில் உள்ள தீப்போன் மேல். அந்த ஊரே குய்க்குத்தான் பெயர்போனது. தலையோடு முழுசாக வரும், சதை குறைவு, சின்ன எலும்பு அதிகம், கையால்தான் சாப்பிட வேண்டும். தோல் மொறுமொறுவென்று இல்லாவிட்டால் அது காலையில் சுட்டு மீண்டும் சூடாக்கியது. அதே சாலையில் சைய்யாவில் பன்றி வறுவல், ஒரோப்பேசாவில் பெரிய வட்ட ரொட்டி.

ஆனால் ஜூலையில் போகிறவர் தவறவிடக் கூடாதது உருளைக்கிழங்குதான், அது இருவருக்கும் ஆகும். அறுவடை முடிந்த வயலிலேயே காய்ந்த மண்கட்டிகளைக் குவிமாடம் போல அடுக்கி, உள்ளே விறகெரித்து, கட்டிகள் கனன்றதும் கிழங்கைப் போட்டு, மேலிருந்து இடித்து மூடிவிடுவார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனதும் தோண்டி எடுப்பார்கள். இதுதான் வாத்தியா. தோல் கருகி, உள்ளே மாவாக உதிரும். ரொக்கோட்டோ மிளகாயும் வகட்டாய் இலையும் அரைத்த உச்சுகுட்டாவில் தொட்டுச் சாப்பிட வேண்டும். ரொக்கோட்டோவின் விதை கறுப்பு. நம் நாக்குக்கும் உறைக்கும், முதலில் விரல் நுனியளவு போதும். இதே மாதங்களில் பனி விழும் இரவில் கிழங்கைத் தரையில் பரப்பி உறைய விட்டு, பகலில் வெறுங்காலால் மிதித்து நீரைப் பிழிந்து காயவைத்துச் சுன்யோ செய்கிறார்கள். கசப்புக் கிழங்கின் நச்சும் அதில் குறையும். சந்தையில் கூழாங்கல் போலக் கிடக்கும். சூப்பில் பஞ்சு போல, மண் வாசனையோடு இருக்கும். எல்லோருக்கும் பிடிக்காது, ஒரு கிண்ணம் வாங்கிப் பகிருங்கள்.

சிச்சா தெ ஹோரா, முளைகட்டிய சோளத்தை அரைத்துக் காய்ச்சிப் புளிக்க வைத்த மது. கழியில் சிவப்புத் துணியோ பையோ கட்டியிருக்கும் வீட்டில் கிடைக்கும். மது லேசானதுதான், பிரச்சினை டம்ளரில். ஒரே வாளித் தண்ணீரில் அலசுவார்கள், எனவே உங்கள் சொந்தக் குவளையை நீட்டுங்கள். சான் பெத்ரோ சந்தையில் பழச்சாறு வாங்கினால் மிக்ஸியில் மீதமிருப்பதை 'யாப்பா' என்று கொசுறாக ஊற்றுவார்கள். குடித்துவிட்டு உடனே எழுந்துவிடாதீர்கள். அங்கே குவிந்திருக்கும் முட்டை வடிவச் சிவப்புப் பழம் கொடைக்கானலில் விற்கும் அதே மரத்தக்காளிதான். அதன் சொந்த ஊரே ஆண்டிஸ்.

கடைசியாக, பலரும் மறப்பது. பெருவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகே சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், முன்பதிவு வேண்டும். முட்டை ஒவ்வாமை இருந்தால் அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள்.