பெய்புவின் நிலம்: கடிதம்

அன்புள்ள ஐயா,

தைவானின் சிஞ்சு நகரில் பணியாற்றுகிறேன். அருகிலுள்ள பெய்பு என்ற ஊருக்குச் சென்றுவந்தேன். ஹக்கா எனப்படும் சீன வழிவந்த இனக்குழுவினரின் ஊர் அது. கோயில், தேநீர், ஜப்பானியர் விட்டுச்சென்ற மேலைப்பாணி மாளிகை எல்லாம் மனத்தைக் கவர்ந்தன. தம்மை ஆண்ட அந்நியரின் சுவடுகளை ஒரு சமூகம் ஏன் பேணவேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நானும் சில நாட்களாகப் பெய்புவைப் பற்றியே எண்ணிக்கொண்டிருப்பதால் உடனே எழுதுகிறேன். விடுமுறையில் பழைய தெருக்களைத் தேடிச் செல்லும் உங்கள் மனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால், பார்த்ததை விசாரிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த மாளிகை ஜப்பானியருடையதன்று. அவர்கள் வெளியேறிய பின், 1949-இல், ஜியாங் ஆசின் என்ற ஹக்கா தேயிலை வணிகர் கட்டிமுடித்தது. அங்கே குடித்த தேநீருக்கு ஆங்கிலேய அரசி பெயர் வைத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள், அதையும் விட்டுவிடுங்கள். தத்துப்பூச்சி கடித்த தளிரில்தான் அந்தத் தேன்மணம் ஊறுகிறது. பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் அது கிடைக்காது.

அந்நிய ஆட்சியை நீங்கள் ஜப்பானியரிலிருந்து தொடங்குவதைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை. ஜின் குவாங் ஃபு என்ற பழைய கட்டடத்தின் முற்றத்தில் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். 1830-களில், அன்று சீனாவை ஆண்ட சிங் அரசின் ஆதரவோடு, ஹக்காக்களும் சீனாவின் ஃபூஜியான் மாகாண வழிவந்தவர்களும் முதல் போட்டுத் தொடங்கிய நிறுவனத்தின் அலுவலகம் அது. ஜியாங் சியூலுவான் அதை நடத்தினார். ஆயுதம் தாங்கிய காவலர்களை எல்லையில் நிறுத்தி, சைசியாத் பழங்குடியினரை மலைக்குள் தள்ளி, அவர்களுடைய காட்டைத் திருத்தி வயலாக்கினார்கள். அவருடைய வழித்தோன்றலான ஜியாங் ஷாவோசு 1895-இல் ஜப்பானியரை எதிர்த்து, இருபது வயது நிறையுமுன்னே உயிர்விட்டார். அந்த இளைஞரை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. ஆயினும் அவர் காக்க நினைத்த மண் எவரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதை நான் மறக்கமாட்டேன். 1907 நவம்பரில் சாய் சிங்லின் என்பவர் ஹக்காக்களையும் சைசியாத்களையும் சேர்த்துக்கொண்டு ஜப்பானியரைத் தாக்கினார். அப்போதுகூட, சிங் படை வந்திறங்கும் என்று சொல்லித்தான் அம்மக்களை அழைத்துச் சென்றார். அது பொய் என்று தெரிந்ததும் அவர்களே அவரைக் கொன்றார்கள்.

இவ்வளவும் நடந்த ஊரில் அடிமைப்பட்டவர்கள் ஹக்காக்கள் மட்டுமே என்று எழுதுவது எவ்வளவு பெரிய அநீதி! பெய்புவை அடுத்த ஊஃபெங் மலையில் சைசியாத் மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். தங்கள் முன்னோரால் அழிக்கப்பட்டதாக அவர்கள் நம்பும் குள்ள மனிதர்களின் ஆவிகளுக்காக ஈராண்டுக்கு ஒருமுறை இரவெல்லாம் ஆடிப்பாடிச் சடங்கு செய்கிறார்கள். தாம் கொன்றவர்களையே அவர்கள் இப்படிப் பேணுகிறார்கள். முதலில் அங்கே சென்று அவர்களோடு பேசுங்கள். பிறகு உங்கள் கேள்வியை மறுபடி எழுதி அனுப்புங்கள்.