வாக்கு தந்த அதிகாரமும் தராத அதிகாரமும்

கேள்வி: மக்கள் வாக்களித்து அமைத்த அரசின் ஆணையை, ஒரு வாக்குகூடப் பெறாத நீதிபதிகள் ரத்து செய்வது ஜனநாயகத்துக்கு அடுக்குமா? அரசை அதன் வேலையைச் செய்ய நீதிமன்றங்கள் விட வேண்டாமா?

பதில்: நாம் வாக்களிப்பது ஓர் அரசியலமைப்பின் கீழ்தான். வென்றவர் அமரும் பதவியை உண்டாக்கியதும் அதுதான். பதவியை மட்டும் ஏற்றுக்கொண்டு, அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளை ஒதுக்கிவிடும் உரிமையை எந்த வாக்கும் தருவதில்லை. நிபந்தனை மீறப்பட்டதா என்பதை, மீறியதாகச் சொல்லப்படுபவரே தீர்மானிக்கக் கூடாது என்பதால்தான் அந்தப் பொறுப்பு நீதிமன்றத்திடம் இருக்கிறது.

இலங்கையில் 2018இல் நடந்ததைப் பாருங்கள். மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் சிறிசேன, நவம்பர் 9 அன்று நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அந்த நாடாளுமன்றமும் மக்கள் வாக்களித்து வந்ததுதான். அது முதலில் கூடிய நாளிலிருந்து நான்கரை ஆண்டுகள் முடியும்வரை, உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டாலன்றி அதைக் கலைக்க முடியாது என்று 2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தம் கூறியது. அந்தத் திருத்தம் சிறிசேனவின் ஆட்சியிலேயே நிறைவேறியது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தன் உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தனர். டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும், கலைப்பு செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். வாக்கு பெறாத அந்த எழுவர் இல்லையென்றால், மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் அவை ஒரே ஒருவரின் கையெழுத்தால் அழிந்திருக்கும். இதில் ஜனநாயகத்தைக் காத்தது யார் என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

நெருக்கடி நேரத்திலும் இதே அளவுகோல்தான். கொரியப் போரின் நடுவே, 1952இல், வேலைநிறுத்தத்தைத் தவிர்க்க உருக்காலைகளை அதிபர் ட்ரூமன் அரசின் கைக்குக் கொண்டுவந்தார். அதற்கு இடமளிக்கும் சட்டம் எதையும் நாடாளுமன்றம் இயற்றவில்லை என்று கூறி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அந்த ஆணையைத் தள்ளியது. ட்ரூமனே நியமித்த நீதிபதிகளில் இருவர் அவருக்கு எதிராக நின்றனர். அவரும் ஆலைகளைத் திருப்பித் தந்தார்.

"அரசை விட்டுவிடுங்கள்" என்ற உங்கள் யோசனையை நம் இந்திய உச்ச நீதிமன்றம் ஒருமுறை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. நெருக்கடிநிலைக் காலத்தில் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை அணுகலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறியிருந்தன. 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் நால்வர் அதை மறுத்து, சிறையிலிருந்தவர்களுக்கு இருந்த கடைசிக் கதவையும் சாத்தினர். அமர்வின் ஐந்தாவது நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே அதற்கு மாறாகத் தீர்ப்பு எழுதினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவரைத் தாண்டி, அவருக்கு இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார், கன்னா பதவி விலகினார். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே 2017இல் சொல்ல வேண்டியதாயிற்று.

நீதிபதிகள் எதிலும் தலையிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கொள்கை நல்லதா, கெட்டதா என்பது அவர்கள் எடைபோட வேண்டியதன்று. அதைச் செய்யச் சட்டம் இடம் தருகிறதா என்பது மட்டுமே அவர்கள் வேலை. அந்த வேலையையும் உரிய நேரத்தில் செய்யாததுதான் நம் நீதிமன்றங்கள் மீது எனக்குள்ள கடுமையான குறை. 2016 நவம்பர் 8 அன்று அறிவிக்கப்பட்ட பணமதிப்பிழப்பின் மீதான தீர்ப்பு 2023 ஜனவரி 2 அன்றுதான் வந்தது. நால்வர் அதைச் செல்லும் என்றனர். நாடாளுமன்றத்தின் சட்டம் வழியாகச் செய்திருக்க வேண்டியதை அரசு வெறும் அறிவிக்கையால் செய்தது சட்டவிரோதம் என்று தனித்து எழுதிய நீதிபதி நாகரத்னாவும், இனிப் பழைய நிலையை மீட்க முடியாது என்று சேர்த்தே எழுத வேண்டியிருந்தது.