பாடகரின் இடப்பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வயலின் கலைஞர் லால்குடி ஜெயராமனைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அவர் பல ஆண்டுகள் பக்கவாத்தியம் வாசித்தார் என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. அவ்வளவு கற்பனை வளம் கொண்ட ஒருவர், தம் இளமையைப் பிறர் பாடியதைத் திருப்பி வாசிப்பதில் செலவிட நேர்ந்தது இழப்பு அல்லவா? என் மகள் வயலின் கற்றுவருகிறாள். தனிக்கச்சேரிக்கு இப்போது அவசரமில்லை, சில ஆண்டுகள் பாட்டுக்கு வாசிக்கட்டும் என்கிறார் அவளுடைய ஆசிரியர். அவள் மறுக்கிறாள். நானும் அவள் பக்கம்தான்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த ஒற்றை வரி என் பிழைதான். அங்கே நின்று எழுதியிருக்க வேண்டும்.

முதலில் உங்களோடு உடன்படும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பக்கவாத்தியக்காரர்களுக்குச் சன்மானத்தில் குறை இருந்தது, அழைப்பிதழில் பெயர் சிறிய எழுத்தில் வந்தது, பாடகர் ஓர் ராகத்தை எவ்வளவு விரித்தாலும் தம் முறை வரும்போது அதைவிடச் சுருக்கமாகவே வாசிக்க வேண்டும் என்ற எழுதாத விதியும் இருந்தது. இவற்றை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் அந்த ஆண்டுகள் ஜெயராமனின் கலைக்கு இழப்பு என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

1930இல் பிறந்த அவர், தந்தை கோபால ஐயரிடம் பாட்டும் வயலினும் சேர்த்தே பயின்று, பன்னிரண்டு வயதில் மேடையில் பாடகரின் இடப்பக்கம் அமர்ந்தார். அதற்குப் பின் அவர் யார் யாருக்கு வாசித்தார் என்று பாருங்கள். எல்லோரும் பெரிய பாடகர்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் கச்சேரி மத்திம காலத்தில், அதாவது நடுவேகத்தில், விறுவிறுவென்று நகரும், ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்கள் என்னும் அதிவேகச் சுரக்கோவைகள் கண் இமைப்பதற்குள் மூன்று ஸ்தாயியையும் தொட்டுத் திரும்பும். மதுரை மணி ஐயர் சர்வலகுவாக, தாளத்தின் ஓட்டத்தோடு இயல்பாகச் சுரம் பாடும்போது தாளக் கணக்கு இருப்பதே தெரியாது. ஆலத்தூர் சகோதரர்களின் பல்லவியிலோ கணக்கைத் தவிர வேறெதையும் நினைக்க நேரமிருக்காது. ஒரு வாரம் இவருக்கும் மறு வாரம் அவருக்கும் வாசிப்பவர், தம் கையை ஒவ்வொரு முறையும் வேறொருவர் குரலின் அளவுக்குத் தைத்துக்கொள்ள வேண்டும். தனிக்கச்சேரி மட்டுமே வாசித்திருந்தால், தமக்கு எளிதாக வரும் பிடிகளையே, அதாவது ராகத்தின் சிறு சுரத் தொடர்களையே, வாழ்நாள் முழுதும் மெருகேற்றிக்கொண்டிருக்கும் ஆபத்து அவருக்கும் இருந்திருக்கும்.

இதைச் சொல்லும் துணிவு எனக்கு வந்தது என் சொந்தத் தோல்வியிலிருந்து. சிறுவயதில் நான்கு ஆண்டுகள் வயலின் கற்றேன். ஆசிரியர் பாடுவார், நான் கூடவே வாசிக்க வேண்டும். ஒருநாள் ‘எந்தரோ மகானுபாவுலு’ எடுத்தார். ‘ரோ’ என்ற எழுத்தின் நீட்சியில் என் வில் தீர்ந்துபோனது. நடுவில் திருப்பி இழுத்தேன். ஆசிரியர் பாடுவதை நிறுத்தி, வில்லைக் கையால் பிடித்துக்கொண்டு, “இப்போது நீ வாசித்தது ‘ரோ’ இல்லை, ‘ரோ ஓ’. தியாகராஜர் அப்படியா எழுதினார்?” என்றார். சுரம் சரியாகத்தான் இருந்தது. சொல்தான் உடைந்திருந்தது. வில்லை எங்கே திருப்புவது என்பதைச் சுரம் மட்டும் தீர்மானிப்பதில்லை, சாகித்தியமும், அதாவது பாட்டின் சொற்களும், தீர்மானிக்கிறது என்பது அன்று புரிந்தது. புரிந்ததோடு சரி, கைக்கு வரவில்லை.

ஜெயராமனுக்குக் கைக்கு வந்தது. அவருடைய வாசிப்பில் கீர்த்தனையின் சொற்கள் கேட்கின்றன என்று ரசிகர்கள் சொல்வது உபசார வார்த்தையல்ல. சொல்லின் அசை முறியாமல் வில்லின் நீளத்தைப் பங்கிட்டு, மூச்சு விடும் இடத்தில் மட்டும் திருப்பும் பழக்கத்தின் விளைவு அது. ‘லால்குடி பாணி’ என்று இன்று நாம் அழைக்கும் தனிவாசிப்பின் அடித்தளம் இதுதான் என்பது என் கருத்து. தனிவயலினில் பாட்டைக் கேட்கச் செய்வதற்குப் பாடகர்களின் பக்கத்தில் அத்தனை இரவுகள் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

பின்னாளில் புகழ் தந்தவை எல்லாம் இந்தப் பழக்கத்தின் மேல்தான் எழுந்தன. 1965இல் எடின்பரோ விழாவில் அவர் வாசிப்பைக் கேட்டு மேற்கத்திய வயலின் மேதை யெஹூதி மெனுஹின் தம் இத்தாலிய வயலினைப் பரிசளித்த செய்தியை எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் எழுதினேன். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய வயலின், வேணு, வீணை சேர்ந்த கச்சேரி. என். ரமணியின் குழலும் ஆர். வெங்கட்ராமனின் வீணையும் தம் வயலினும் சமமாக அமரும் மேடையில், யார் எப்போது ஒதுங்குவது என்பதே பெரிய கேள்வி. ஒதுங்குவதைச் சிறுவயதிலேயே தொழிலாகக் கற்றவருக்குத்தான் அந்த ஏற்பாடு தோன்றும். அவர் இயற்றிய வர்ணங்களையும் தில்லானாக்களையும் பாடகர்கள் விரும்பி எடுத்துக்கொள்வதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. சாருகேசி ராகத்தில் அவர் இயற்றிய ‘இன்னும் என் மனம்’ வர்ணத்தைப் பாடிப் பாருங்கள். வாத்தியக்காரர் எழுதியது என்ற நெருடல் எங்கும் இராது.

உங்கள் மகளின் விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. காலம் மாறியிருக்கிறது, பாட்டுக்கு வாசிக்காமலேயே நல்ல தனிவாசிப்பை எட்டுபவர்கள் இருக்கலாம். அவளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். ஜெயராமன் பக்கவாத்தியம் வாசித்த பழைய பதிவு ஏதேனும் ஒன்றை எடுத்து, தாளமின்றி ராகத்தை விரிக்கும் ஆலாபனைப் பகுதியில் பாடகரை விட்டுவிட்டு வயலினை மட்டும் அவள் கவனிக்கட்டும். பாடகர் மூச்செடுக்க நிறுத்தும் ஒன்றிரண்டு விநாடிகளில், அவர் கடைசியாகத் தொட்ட பிடியின் வாலை மட்டும் வயலின் பிடித்துக்கொண்டிருக்கும். குரல் மீண்டும் எழுந்ததும் தணிந்துவிடும். அந்த விநாடிகளை வாசித்துப் பார்த்துவிட்டு அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.