600 டாலருக்குள் முதல் கைத்துப்பாக்கி: டாலஸுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

தந்தையார் வழியாகக் கிரீன் கார்டு கிடைத்து டாலஸ் வந்து சேர்ந்திருப்பதாகவும், ஊரில் என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்ட ஆர்வம் இன்னும் விட்டுப்போகவில்லை என்றும், வார இறுதிகளில் ரேஞ்சுக்குப் போய் இலக்குச் சுடுதலைத் தொடர விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். 600 டாலருக்குள், தோட்டா சிக்காமல் இயங்கக்கூடிய, குறி தவறாத கைத்துப்பாக்கி எது என்பது உங்கள் கேள்வி. எச்-1பி விசாவில் இருக்கும் சித்தப்பா மகனோடு ஒரே அபார்ட்மென்டில் தங்கியிருப்பதையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். துப்பாக்கியின் பெயருக்குப் போவதற்கு முன் அந்த வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி கிரீன் கார்டு உள்ளவர் குடிமக்களைப் போலவே துப்பாக்கி வாங்கலாம், வைத்திருக்கலாம். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருந்தால் போதும். ஆனால் எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ தம் வசம் வைத்திருப்பதே குற்றம். ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ரேஞ்சில் உங்கள் துப்பாக்கியை ஒரு முறை சுட்டுப் பார்க்கிறேன் என்று அவர் வாங்குவதும் இந்தத் தடைக்குள் வரும். சட்டத்தின் பார்வையில் வசம் என்பது கையில் பிடித்திருப்பது மட்டுமல்ல. வேண்டும்போது எடுத்துக்கொள்ளக்கூடிய நிலையும் வசமாகவே கொள்ளப்படலாம். ஆகவே நீங்கள் வாங்கும் பெட்டகத்தின் சாவியும் எண்ணும் உங்களிடம் மட்டுமே இருக்கட்டும், அவர் தங்கமான மனிதராகவே இருந்தாலும். அவருக்காக உங்கள் பெயரில் ஒன்று வாங்கித் தரும் யோசனைக்கு ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். அது கடுமையான கூட்டாட்சிக் குற்றம். மேலும், துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு உள்ளவரையும் நாடுகடத்தக் குடியேற்றச் சட்டத்தில் வழி இருக்கிறது. அவருக்கும் ஆர்வம் இருந்தால் வேட்டை உரிமத்தைப் பற்றி ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு அவர் வழியில் செல்லட்டும்.

கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். அதில் கிரீன் கார்டு எண்ணும் கேட்கப்படும். பிறகு எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனை. பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும், சில நேரம் தாமதம் என்று வந்து சில நாள்கள் காத்திருக்க நேரும். புதிதாக வந்தவர்கள் தடுக்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு: ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் முகவரி இப்போது குடியிருக்கும் முகவரியாக இருக்க வேண்டும். அபார்ட்மென்ட் மாறியிருந்தால் அதை முதலில் சரிசெய்துவிட்டுப் போங்கள். கஞ்சா பயன்படுத்துவீர்களா என்றும் அந்தப் படிவம் கேட்கும். அதை அனுமதிக்கும் மாநிலங்கள் இருந்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் அது தடைதான். ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

இனி துப்பாக்கிக்கு வருகிறேன். நீங்கள் படித்த பட்டியல்கள் எல்லாம் 9 மி.மீ. துப்பாக்கிகளையே முன்னிறுத்தியிருக்கும். இலக்குச் சுடுதல்தான் நோக்கம் என்றால் உங்கள் முதல் கைத்துப்பாக்கி .22 (0.22 அங்குல விட்டமுள்ள சிறிய தோட்டாவைச் சுடும் வகை) ஆகத்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதிலும் ரூகர் மார்க் 4 என்பதே என் நேரடிப் பதில். அந்த நிறுவனம் 1949இல் தொடங்கியதே இந்த வகை .22 பிஸ்டலை வைத்துத்தான். மார்க் 4 அதன் தொடர்ச்சியாக 2016இல் வந்தது. இதன் குழல் அசையாது. குறிபார்க்க உதவும் முன்குறி, பின்குறி இரண்டும் குழலோடு இறுகிய அதே உடலின் மேல் உட்கார்ந்திருக்க, உள்ளே இருக்கும் போல்ட் மட்டும் பின்னால் போய் வரும். க்ளாக் போன்ற 9 மி.மீ. துப்பாக்கிகளிலோ ஒவ்வொரு வெடிக்கும் குழல் சற்றே கீழே சாய்ந்து ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை) விட்டுப் பிரிந்து மீண்டும் வந்து பூட்டிக்கொள்கிறது. குறிகள் ஸ்லைடின் மேல் இருக்கின்றன. அவையும் நன்றாகவே சுடும். ஆனால் அசையாத குழல் தரும் துல்லியத்தை இந்த விலையில் அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது.

கணக்காகவும் பார்க்கலாம். க்ளாக் 19இல் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே சுமார் 15 செ.மீ. தூரம். முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றால் 10 மீட்டர் தொலைவில் குண்டு ஆறரை செ.மீ. தள்ளி விழும். நீண்ட குழல் கொண்ட .22 இலக்குத் துப்பாக்கிகளில் அந்த இடைவெளி கூடுதல், ஆகவே அதே பிழை சிறிதாகிறது. இதைவிடப் பெரிது எடையின் கணக்கு. தோட்டா இல்லாத க்ளாக் 19 ஏறத்தாழ 600 கிராம். அதன் விசையை (ட்ரிகரை) இழுக்க ஏறத்தாழ இரண்டரை கிலோ அழுத்தம் வேண்டும். தன் எடையைப் போல நான்கு மடங்கு அழுத்தத்தால் இழுக்கப்படும் பொருளை அசையாமல் பிடிப்பதுதான் உங்கள் முன் உள்ள வேலை. எஃகில் செய்த மார்க் 4 டார்கெட் 1.2 கிலோ அளவில் கனக்கிறது, விசையும் மென்மையானது. புதிய கைக்கு இந்த வேறுபாடு முதல் பத்துத் தோட்டாக்களிலேயே தெரிந்துவிடும்.

தோட்டா விலையையும் சேர்த்துப் பாருங்கள். இன்றைய நிலவரத்தில் .22 தோட்டா ஏழெட்டு சென்ட், 9 மி.மீ. தோட்டா கால் டாலரை ஒட்டி இருக்கும். ஒரு சனிக்கிழமையில் 200 தோட்டா சுட்டால் .22க்கு 16 டாலர், 9 மி.மீ.க்கு 50 டாலர். கைத்துப்பாக்கியில் துல்லியம் என்பது எண்ணிக்கையால் வருவது. மலிவான தோட்டாதான் உங்களை மாதந்தோறும் ரேஞ்சுக்குப் போக வைக்கும். எனவே 600 டாலரையும் துப்பாக்கியிலேயே கொட்டிவிட வேண்டாம். மார்க் 4இன் எளிய வடிவங்கள் 400 டாலரைச் சுற்றியும், டார்கெட் வடிவம் அதற்கு மேலும் கிடைக்கும். அதைவிடக் குறைவாக வேண்டுமானால் ஸ்மித் அண்ட் வெஸனின் எஸ்.டபிள்யூ.22 விக்டரி, இன்னும் குறைவாக டாரஸ் டி.எக்ஸ்.22 என்று இருக்கின்றன. பிரவுனிங் பக் மார்க்கும் பல ஆண்டுகளாகப் பெயரெடுத்தது. 8.25 சதவீத விற்பனை வரியையும் கணக்கில் கொண்டு, மீதமுள்ள பணத்தைப் பூட்டுப்பெட்டி, காதுக்கவசம், கண்ணாடி, ஒரு நல்ல பயிற்றுநரிடம் ஒரு வகுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பழைய மார்க் 4 கிடைத்தால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: பாதுகாப்புப் பொத்தான் தொடர்பான குறைக்காக 2017 ஜூனுக்கு முன் செய்யப்பட்டவற்றை நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. வரிசை எண்ணைக் கொண்டு அது சரிசெய்யப்பட்டதா என்று நிறுவனத்திடம் கேட்டுவிடலாம்.

நம்பகத்தன்மை என்ற சொல்லை அழுத்தி எழுதியிருந்தீர்கள், அதனால் .22இன் பலவீனத்தை மறைக்க மாட்டேன். 9 மி.மீ. தோட்டாவின் அடியில் நடுவே தனிக் குப்பியாக இருக்கும் பற்றுமருந்து (ஊசி அடித்ததும் முதலில் பற்றி வெடிமருந்தைக் கொளுத்துவது), .22இல் அடிவிளிம்பின் உள்ளே சுற்றிலும் தடவப்பட்டிருக்கும். ஊசி அடிக்கும் இடத்தில் மருந்து பரவாமல் போயிருந்தால் தோட்டா வெடிக்காது. மலிவுப் பெட்டித் தோட்டாக்களில் இது அவ்வப்போது நடக்கும், அது துப்பாக்கியின் குற்றமல்ல. அப்படி நேர்ந்தால் குழல்முனையை இலக்கை நோக்கியே 30 விநாடி பிடித்திருந்துவிட்டுப் பிறகு வெளியே எடுங்கள். தாமதித்து வெடிக்கும் தோட்டாவும் உண்டு. வழக்கத்தைவிட மெலிதாக ஒரு சத்தம் கேட்டால் அடுத்ததைச் சுடாமல் உடனே நிறுத்தி ரேஞ்ச் ஊழியரைக் கூப்பிடுங்கள், குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். தொடக்கத்தில் சி.சி.ஐ. மினி-மேக் போன்ற, தரத்துக்குப் பெயர்போன தோட்டாவைச் சுட்டுப் பார்த்துவிட்டு, பிறகு மூன்று நான்கு மலிவு வகைகளில் உங்கள் துப்பாக்கிக்கு ஒத்துப்போவதைக் கண்டுபிடியுங்கள். ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு துப்பாக்கிகளே வேறு வேறு தோட்டாவை விரும்பும். சிக்கல் தொடர்ந்தால் துப்பாக்கியைக் குறை சொல்வதற்கு முன் மேகசினை (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டியை) மாற்றிப் பாருங்கள். எந்த அரைத் தானியங்கித் துப்பாக்கியிலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான்.

9 மி.மீ.தான் வேண்டும் என்றால் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். க்ளாக் 19, ஸ்மித் அண்ட் வெஸன் எம் அண்ட் பி 2.0, செக் நாட்டு சி.இசட். பி-10 சி, துருக்கியின் கானிக் ஆகிய எதுவும் உங்கள் தொகைக்குள்ளோ அதை ஒட்டியோ வரும், எல்லாமே சிக்காமல் ஓடுபவை. உங்களுக்கு ஏற்றதைத் தீர்மானிப்பது உங்கள் விரல். கைப்பிடியை இறுகப் பற்றியபின் சுட்டுவிரல் நுனிக்கும் முதல் மூட்டுக்கும் இடைப்பட்ட சதைப்பகுதி விசையின் நடுவில் தானாக வந்து அமர வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் அந்தத் துப்பாக்கி எவ்வளவு புகழ்பெற்றதானாலும் உங்களுடையது அல்ல. போலீஸ் துறைகள் .40 துப்பாக்கிகளைக் கைவிட்டு 9 மி.மீ.க்கு மாறியபோது கடைகளுக்கு வந்த பழைய க்ளாக் 22கள் (பெயரில்தான் 22, சுடுவது .40 தோட்டா) இப்போதும் மலிவாகக் கிடைக்கின்றன. அவை உறையிலேயே காலம் கழித்தவை, உறுதியானவை. ஆனால் .40 தோட்டா விலையும் கூடுதல், உதைப்பும் (சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உந்துவதும்) கூடுதல் என்பதால் உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

உதைப்பைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் ரேஞ்சுக்கு அழைத்துச் செல்லும் புதியவர்களுக்கு, மேகசினில் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே ஓரிரண்டு பிளாஸ்டிக் போலித் தோட்டாக்களை அவர்கள் அறியாமல் கலந்து கொடுப்பேன். முதல் வெடி, இரண்டாம் வெடி, மூன்றாவதில் 'டிக்' என்ற ஒலி மட்டும். வெடிக்காத அந்த நொடியில் குழல்முனை தானாகக் கீழே இடிப்பதை அவர்களே பார்ப்பார்கள். வரப்போகும் அதிர்ச்சியை எதிர்த்து மணிக்கட்டு முன்கூட்டியே தள்ளியிருக்கிறது. வலக்கைக்காரரின் தாளில் துளைகள் நடுவுக்குக் கீழே இடப்பக்கமாகக் கூடுவது பெரும்பாலும் இதனால்தான், பின்குறியைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. 9 மி.மீ.யோடு தொடங்கியவர்களிடம் இந்தப் பழக்கம் ஊறிப்போய் அதை எடுப்பதே தனி வேலையாகிவிடுகிறது. .22இல் கற்ற கையில் அது பெரும்பாலும் முளைப்பதே இல்லை, முளைத்தாலும் எளிதில் போய்விடும்.

மூடிய ரேஞ்சில் கைத்துப்பாக்கிகளின் சத்தம் நீங்கள் வெட்டவெளியில் கேட்டதைப் போல இருக்காது. பக்கத்துத் தடத்தில் ஒருவர் பெரிய துப்பாக்கியை எடுத்துவிட்டால் நெஞ்சே அதிரும். காதுக்குள் பஞ்சுக்குமிழும் மேலே கவசமும் இரண்டையுமே அணியுங்கள். ஈயத்தூள் கையிலும் சட்டையிலும் ஒட்டும் என்பதால் வெளியே வந்ததும் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கையைக் கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம். அந்தச் சட்டையோடு உறவினர் வீட்டுக் குழந்தையைத் தூக்கவும் வேண்டாம்.

டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல், தகுதியுள்ள, 21 வயது நிரம்பியவர் தனி அனுமதி இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடன் வைத்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். சட்டம் அப்படித்தான். ஆனால் பள்ளிகள், அஞ்சல் அலுவலகங்கள், மதுக்கூடங்கள், அறிவிப்புப் பலகை வைத்த கடைகள் என்று தடை செய்யப்பட்ட இடங்கள் பல. அவை பழகாத ஒருவர், அதுவும் குடியேற்ற நிலை இன்னும் வேரூன்றாத ஒருவர், அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள வேண்டிய தேவை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ரேஞ்சுக்குப் போகும்போதும் வரும்போதும் தோட்டா இல்லாமல், பூட்டிய பெட்டியில், காரின் பின்பக்கத்தில் இருக்கட்டும். வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா வேறொரு பூட்டிலும் இருக்கட்டும். 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியைக் கவனக்குறைவாக வைத்து, அது பிள்ளையின் கைக்குப் போனால் டெக்சஸில் குற்றம். அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் இறப்புகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். உங்களுக்கோ உங்களோடு தங்கியிருப்பவருக்கோ மனம் தளர்ந்திருக்கும் காலம் என்றால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள், ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியையும் அப்போது நாட வேண்டாம். புது நாட்டின் முதல் குளிர்காலத் தனிமை பலரை அமுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

ரேஞ்சுக்கென்று ஒரு பையைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், அதை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். ஊருக்குப் போகும்போது அதே பையில் துணிகளை அடுக்கி, மடிப்பில் தங்கிய ஒற்றைத் தோட்டாவோடு இந்திய விமான நிலையங்களில் பிடிபட்டு, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு பதிவாகி, விடுமுறை முழுவதும் நீதிமன்றத்துக்கு அலைந்த வெளிநாட்டு இந்தியர்கள் இருக்கிறார்கள். .22 தோட்டா சுண்டுவிரல் நுனியளவுதான். பையின் ஓரத்தையலுக்குள் விழுந்தால் கையால் தடவினாலும் தட்டுப்படாது.

வருகிற வாரமே ஒரு ரேஞ்சில் மார்க் 4ஐயும் க்ளாக் 19ஐயும் ஒருசேர வாடகைக்கு எடுத்து, ஏழு கஜத் தொலைவில் ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டா மெதுவாகச் சுட்டுப் பாருங்கள். இரண்டு தாள்களையும் படமெடுத்து அனுப்பினால் துளைகள் விழுந்திருக்கும் விதத்தை வைத்து உங்கள் பிடியையும் விரலையும் பற்றி மேற்கொண்டு எழுதுகிறேன்.